ஜீப்பு வரும் நேரத்துத் தலைவலி: ஒரு பத்தாம் வகுப்பு மாணவியைப் பற்றிய நிகழ்வு ஆய்வு

கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தைப் பற்றி வேலை செய்கிற உளவியல் ஆய்வாளர் நான், சொந்த ஊர் போடி. இங்கே எழுதப்போவது ஒரே ஒரு பிள்ளையைப் பற்றி. 15 வயது, பத்தாம் வகுப்பு. பெயர் வேண்டாம், அவள் என்றே எழுதுகிறேன். ஊரும் பள்ளியும் இன்னதென்று சொல்லப்போவதில்லை, வீட்டு விவரங்களில் அடையாளம் தெரிகிற மாதிரி இருந்ததையெல்லாம் மாற்றிவிட்டேன், இதே மாதிரி நான் பார்த்த வேறு சில பிள்ளைகளின் சின்னச் சின்ன விவரங்களும் இதில் கலந்திருக்கின்றன. அவளும் அவள் அம்மாவும் எழுதுங்க என்று சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன்.

கம்பம், கூடலூர், போடி பக்கத்துக்காரர்களுக்கு இந்த வாழ்க்கையை விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். எங்கள் ஊர்களில் விடிவதற்கு முன்பே தெருமுக்குகளில் பெண்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். ஜீப்பு வரும், நெருக்கி அடைத்து ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலையேறி இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும். நாளெல்லாம் மழையில் நனைந்து ஏலப்பழம் எடுத்துவிட்டு, காலில் அட்டைக்கடியோடு இருட்டுகிற நேரத்தில் இறங்கி வருவார்கள். கேரளத்துக் கூலி இங்கத்திய கூலியைவிட அதிகம் என்பதால் மலையேறுகிறார்கள், வேறு காரணமில்லை. அவளுடைய அம்மா பன்னிரண்டு வருஷமாகப் போகிறார். அப்பா கோட்டயத்தில் ஒரு பேக்கரியில் வேலை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். வீட்டில் ஏழாவது படிக்கிற தம்பி, கண் சரியாகத் தெரியாத அப்பத்தா.

முதலில் நான் தவறவிட்டது

ஆகஸ்டில் அவள் பள்ளியில் ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகளுக்கு மனநலத்தைப் பார்க்கிற ஒரு படிவம் கொடுத்தோம். எஸ்.டி.க்யூ. என்று சொல்வோம், பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997-இல் வெளியிட்டது, உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 25 வாக்கியங்கள் இருக்கும், ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று பிள்ளை டிக் பண்ணவேண்டும். அதில் 20 வாக்கியங்கள் சிரமங்களைப் பற்றியவை, அவற்றைக் கூட்டினால் 0 முதல் 40 வரை ஒரு மதிப்பெண் வரும். பிள்ளையே நிரப்புகிற படிவத்தில் 15 வரை இருந்தால் வழக்கமான அளவு, 16 முதல் 19 வரை எல்லைக்கோடு, 20-ம் அதற்கு மேலும் கட்டாயம் கவனிக்கவேண்டியது. அவளுக்கு வந்தது 11. எந்த யோசனையும் இல்லாமல் அந்தத் தாளை 'நார்மல்' கட்டில் வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன்.

மூன்று வாரம் கழித்து வகுப்பு டீச்சர் போன் பண்ணினார். ஸ்பெஷல் கிளாஸில் மயங்கி விழுந்துவிட்டாள், இது இரண்டாவது தடவை, வீட்டில் சாமியாடியிடம் கூட்டிப் போகிறார்கள், நீங்கள் ஒரு தரம் பார்க்க முடியுமா என்று கேட்டார். போகிற வழியெல்லாம் அந்த 11 என் நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்குள் வீட்டில் சும்மா இருக்கவில்லை, அவர்களுக்குத் தெரிந்த எல்லா வாசலையும் தட்டியிருந்தார்கள். பயந்த கோளாறாக இருக்கும் என்று வேப்பிலை அடித்து, மந்திரித்த கயிறு கட்டியாகிவிட்டது. கண்ணாடி போடவேண்டியிருக்குமோ என்று கண் பரிசோதனையும் ஆகிவிட்டது, பார்வையில் கோளாறு இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 10.4. அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்பதால் இரும்புச்சத்து மாத்திரை தொடங்கியிருந்தார்கள். இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. தலைவலி, மயக்கம் என்று வரும் பிள்ளையை எடுத்த எடுப்பில் 'எல்லாம் மனசுதான்' என்று ஒதுக்கும் பழக்கம் எங்கள் துறையில் உண்டு, அது எனக்குப் பிடிக்காது. ரத்தம் குறைந்த உடம்பு மயங்கத்தான் செய்யும். மாத்திரை தொடரட்டும், அதோடு வேறு என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என்றுதான் ஆரம்பித்தேன்.

மலையைப் பார்க்கிற ஜன்னல்

முதல் நாள் அவள் என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்கும். "தலை வலிக்கும் மிஸ். மூச்சு முட்டும். அப்புறம் சரியாயிரும்." எப்போது வலிக்கும் என்றால் "எப்பவும்" என்றாள். எப்பவும் என்கிற பதிலை நம்பக்கூடாது என்று அனுபவம் சொல்லிக்கொடுத்திருக்கிறது, அதனால் ஒரு பழைய ரஃப் நோட்டைக் கொடுத்து, வலிக்கிறபோது மணியையும் அப்போது எங்கே இருந்தாள் என்பதையும் மட்டும் எழுதச் சொன்னேன். காரணம் எழுதவேண்டாம், மனசைப் பற்றி எழுதவேண்டாம்.

இரண்டு வாரத்தில் 13 பதிவுகள். அதில் 11 சாயங்காலம் ஐந்துக்கும் ஆறரைக்கும் நடுவே, ஸ்பெஷல் கிளாஸில். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் இருந்தும் வலி இல்லை, அன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டேன். "அன்னைக்கு அம்மா வேலைக்குப் போகல மிஸ்" என்றாள். சொல்லிவிட்டு அவளே நோட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

அவளுடைய பெஞ்சு மேற்கு ஜன்னல் ஓரம். அங்கே உட்கார்ந்தால் மலை முழுசாகத் தெரியும். எங்கள் பக்கம் வெயில் அடிக்கும்போதே மேலே மேகம் இறங்கி மலை காணாமல் போகும், இது ஜூன் முதல் இங்கே தினமும் பார்க்கிற காட்சி. மலை கறுத்தால் ரோடு வழுக்கும், வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியாது, ஜீப்பு தாமதமாகும். போன வருஷ சீசனில் அவர்கள் தெருப் பெண்கள் போன ஒரு ஜீப்பு வளைவில் சரிந்து மூன்று பேருக்குக் கை கால் முறிந்தது. அதில் அவள் அம்மா இல்லை, அன்றைக்கு வேறு ஜீப்பில் போயிருந்தார். ஆனால் அந்தச் செய்தி தெருவுக்கு வந்து, அம்மா வீடு வந்து சேர்வதற்குள் போன இரண்டு மணி நேரம் அவளுக்கு இன்னும் முடியவில்லை. ஸ்பெஷல் கிளாஸ் இல்லாத காலத்தில் தெருமுக்கில் போய் நின்று ஜீப்பு வருவதைக் கண்ணால் பார்த்துவிடுவாள். பத்தாவது வந்ததும் அது போயிற்று. பள்ளிக்குள் போன் கொண்டுவர முடியாது. ஆறரை மணி வரை ஜன்னல் வழியாக மலையைப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு சேதியே இல்லை.

மூன்றாவது சந்திப்பில் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நான் கேட்கவில்லை, அவளாகவே திருப்பி வைத்தாள். நாலைந்து போன் நம்பர்கள், வரிசை எண் போட்டு. முதலில் ஜீப்பு ஓட்டுகிற அண்ணன், அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை, அப்புறம் அப்பா வேலை செய்கிற பேக்கரி முதலாளி, கடைசியில் மாமா. கீழே ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், அம்மாவின் ஆதார் எல்லாம் வீட்டில் எந்தப் பெட்டியில் எந்தத் துணிக்கு அடியில் இருக்கின்றன என்று எழுதியிருந்தாள். "அம்மா ஒருநாள் வராமப் போயிட்டா தம்பிய யாரு பாப்பா மிஸ், அதுக்குத்தான்." குரல் உடையாமல், வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். பல வருஷமாக இந்த வேலை செய்கிறேன், அந்தப் பக்கத்தைப் பார்த்தபிறகு எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

அன்றைக்கே நேரடியாகக் கேட்டேன், உயிரோடு இருக்கவேண்டாம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பல ஆசிரியர்கள் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை, கேட்காமல் விடுவதுதான் ஆபத்து. அவள் இல்லை என்றாள், செத்துப்போனால் தம்பிக்குச் சோறு யார் போடுவது என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அந்தப் பதிலில் எனக்கு நிம்மதி பாதி, வருத்தம் பாதி. அதற்கப்புறம் ஒவ்வொரு சந்திப்பிலும் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

கவலை யாருடையது

சரி, இவ்வளவு இருந்தும் படிவத்தில் எப்படி 11 வந்தது? அதே படிவத்தை மறுபடி எடுத்து ஒவ்வொரு வாக்கியமாக அவளோடு உட்கார்ந்து படித்தேன். நிறையக் கவலைப்படுவதைப் பற்றிய வாக்கியத்துக்கு 'உண்மையில்லை' என்று போட்டிருந்தாள். ஏன் என்றேன். "எனக்கென்ன மிஸ் கவலை? அம்மாதான் கவலைப்படுது." அவள் வீட்டில் கவலை என்றால் கடன், வட்டி, சீட்டுப் பணம். அது பெரியவர்கள் படுவது, பிள்ளைகளுக்கு அதில் பங்கு கிடையாது. பயத்தைப் பற்றிய வாக்கியத்துக்கும் 'உண்மையில்லை'. பயம் என்றால் இருட்டு, பேய், நாய், அதற்கெல்லாம் அவள் பயப்படுகிற ஆளில்லை, காலையில் நாலு மணிக்கு எழுந்து தனியாகக் குழாயடிக்குப் போகிறவள். அப்படியானால் சாயங்காலம் ஜன்னலோரம் வருவதற்கு என்ன பெயர்? யோசித்துவிட்டுச் சொன்னாள், "பதக்குபதக்குன்னு இருக்கும். அவ்வளவுதான்."

தமிழில் நம்மிடம் இதற்கு எத்தனை வார்த்தைகள் இருக்கின்றன! பதைப்பு, திக்குதிக்கு, நெஞ்சடைப்பு, மனசு கிடந்து அடிக்குது, ஈரக்குலை நடுங்குது. படிவத்தின் மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவில்லை, அது சரியான தமிழ்தான். ஆனால் சரியான தமிழ் வேறு, ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை தன் உடம்பில் நடப்பதற்கு வைத்திருக்கிற பெயர் வேறு. இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. ஒரு பெஞ்சில் மூன்று பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்து நிரப்பிய படிவம் அது, பக்கத்துப் பிள்ளை எட்டிப் பார்க்கும், டீச்சர் நடந்துகொண்டிருப்பார். நல்ல பிள்ளை என்று பேர் எடுத்தவள் அந்தச் சூழலில் நல்ல பிள்ளையின் பதில்களைத்தான் போடுவாள். அப்படிப் போட வைத்தது என்னுடைய ஏற்பாடு.

சம்மதக் கடிதம் வேறு. 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் தனியாக எழுத்தில் ஒப்புதலும் வாங்கவேண்டும், ஐ.சி.எம்.ஆர். என்கிற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. இரண்டு தாளும் என்னிடம் இருந்தன. அவள் அம்மா அதில் கையெழுத்துப் போட்டது விடியக்காலையில், ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது, ஒரு வரிகூடப் படிக்காமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் வாயால் விளக்கி மறுபடி வாங்கினேன். மகள் என்னிடம் சொல்வதை உங்களிடம்கூடச் சொல்லமாட்டேன் அக்கா, அவளுக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "எங்கிட்ட சொல்லமாட்டேங்கிறத உங்ககிட்டயாச்சும் சொல்லட்டும் மேடம்" என்றார்.

பெயர் வைக்கவில்லை

பிரிவுப் பதற்றக் கோளாறு என்று எழுதலாமா என்று யோசித்தேன். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற நீங்காத எண்ணம், பிரிந்திருக்கும்போது உடம்பில் வலி, நாலு வாரத்துக்கு மேல் நீடிப்பது, எல்லாம் பொருந்தத்தான் செய்கின்றன. ஆனாலும் எழுதவில்லை. இல்லாத ஆபத்தை மனசு கற்பனை பண்ணினால் அது ஒரு விதம். இங்கே ஜீப்பு உண்மையாகவே அந்த வளைவில்தான் ஏறி இறங்குகிறது, அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு. அந்த ரோட்டைப் பார்த்துப் பதறுகிற பிள்ளையிடம் 'உன் எண்ணம் தப்பு' என்று நான் எந்த முகத்தோடு சொல்வது? தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டினோம், மருத்துவரும் இப்போதைக்கு மருந்து வேண்டாம், பேச்சைத் தொடருங்கள், ஆறு வாரத்தில் மாற்றமில்லை என்றால் கூட்டி வாருங்கள் என்றார்.

பெயர் வைப்பதற்குப் பதில் அவள் வார்த்தையிலேயே மூன்று பிரச்சினைகளை எழுதச் சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அவளே மதிப்பு போடவேண்டும். இது என் கண்டுபிடிப்பு அல்ல, அமெரிக்காவில் ஜான் வைஸும் குழுவினரும் உருவாக்கிய முறை. அவள் எழுதியது: ஜீப்பு வர்ற வரைக்கும் தலை பிளக்குது, 8. காலைல முதல் பீரியட்ல தூங்கி விழுறேன், 7. தம்பி சொல்பேச்சு கேக்கமாட்டேங்கிறான், 6.

இரண்டாவது பிரச்சினையிலிருந்து தொடங்கினோம், ஏனென்றால் அதுதான் கையில் பிடிக்கக்கூடியதாக இருந்தது. படுப்பது பதினொன்றரை, அம்மாவுக்குச் சோறு கட்ட எழுவது நாலு மணி. நாலரை மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் வேண்டும், அதுவும் பருவ வயதில் உடம்பின் கடிகாரம் தானாகவே பின்னால் தள்ளிப்போகும், சீக்கிரம் படு என்றாலும் தூக்கம் வராது, விடிகாலையில்தான் அசந்து தூங்கும். அந்த நேரத்தில் இவள் அடுப்படியில் நிற்கிறாள். தம்பி ஏழு மணி வரை தூங்குகிறான்! அவனுக்கு 12 வயது, இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன. இதை நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டில் சொன்னேன், அப்பத்தாவுக்குப் பிடிக்கவில்லை, ஆம்பளப் பிள்ளை என்றார். அம்மாதான் முடிவு பண்ணினார்: குழம்பு ராத்திரியே வைப்பது, காலையில் அரிசி மட்டும், அதை அவரே வைத்துக்கொள்வார், தண்ணீர் தம்பி பொறுப்பு. அவளுக்கு ஐந்தரை வரை தூக்கம். முழுசாக நடந்த நாட்கள் வாரத்துக்கு நாலு என்று அவளே கணக்குச் சொன்னாள். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ஜீப்பு விஷயத்தில் அவள் கேட்டது எளிமையானது, போன் வேண்டும், அடிக்கடி அம்மாவிடம் பேசவேண்டும். இங்கே நான் கொஞ்சம் தயங்கினேன். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு உறுதிப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தால், அந்த உறுதி பத்து நிமிஷம்தான் தாங்கும், பதைப்பு இன்னும் வளரும். ஒன்றுமே தெரியாமல் விடுவதும் கொடுமை. கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசி ஒரு ஏற்பாடு செய்தோம். தோட்டத்துக்குள் டவர் கிடைக்காது, மெட்டுக்கு, அதாவது மலையைக் கடக்கிற கணவாய்க்கு, வந்தால்தான் கிடைக்கும். மெட்டு தாண்டும்போது அம்மா பள்ளி அலுவலக போனுக்கு ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். அலுவலகத்து அண்ணன் வகுப்பு வாசலில் வந்து தலையாட்டிவிட்டுப் போவார், அவ்வளவுதான், பேச்சு கிடையாது. ஆறு மணி வரை கால் வரவில்லை என்றால் அவள் டீச்சரிடம் சொல்லலாம், டீச்சர் ஜீப்பு ஓட்டுகிற அண்ணனுக்குப் போன் போடுவார். கணக்கு நோட்டில் இருந்த வரிசையை அப்படியே எடுத்து, முதல் இரண்டு பொறுப்பையும் பெரியவர்களிடம் மாற்றிக் கொடுத்தோம். அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லவில்லை. அது அவளுடைய புத்திசாலித்தனம், அதைக் கேவலப்படுத்த எனக்கு உரிமையில்லை.

இடைப்பட்ட நேரத்துக்கு மூச்சைக் கவனித்து மெதுவாக விடுவது, மலை கறுத்த அன்று 'கறுத்திருக்கிறது' என்பதையும் 'அம்மா வரமாட்டாள்' என்பதையும் இரண்டு தனி வாக்கியமாக எழுதிப் பார்ப்பது, இப்படிச் சில பயிற்சிகள். பெஞ்சை மாற்றலாமா என்று டீச்சர் கேட்டார், அவளிடமே விட்டோம். மாறமாட்டேன் என்றாள்.

பத்து வாரம் கழித்து

நவம்பர் கடைசியில் அவள் போட்ட மதிப்பு: தலைவலி 8-லிருந்து 4, தூக்கம் 7-லிருந்து 3. தம்பி 6-லேயே நிற்கிறான். மயக்கம் மறுபடி வரவில்லை, ஹீமோகுளோபின் 11.6. நலவாழ்வைப் பார்க்கிற டபிள்யூ.எச்.ஓ.-5 என்ற ஐந்து கேள்விப் படிவத்தில், 100-க்கு 36 இருந்தது 56 ஆகியிருந்தது.

எஸ்.டி.க்யூ. மட்டும் 11-லிருந்து 17-க்கு ஏறியிருந்தது. அதாவது படிவத்தின் கணக்குப்படி நார்மலாக இருந்த பிள்ளை என்னிடம் பேசிப் பேசி எல்லைக்கோட்டுக்கு வந்துவிட்டாள். இந்த முறை கவலைக்கு நேராக 'நிச்சயமாக உண்மை' என்று அழுத்தி டிக் போட்டிருந்தாள். பிரச்சினை கூடவில்லை, அதைத் தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். டெல்லியில் அரசுப் பள்ளிகளில் செய்த பிரைட் என்ற ஆய்விலும், 2020-இல் வெளியானது, இதோடு ஒப்பிடக்கூடிய ஒன்று நடந்தது. படிப்படியாகப் பிரச்சினை தீர்க்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் தாங்கள் சொன்ன பிரச்சினைகளில், கையேடு மட்டும் வாங்கிய பிள்ளைகளைவிட ஆறு வாரத்தில் அதிகம் தேறியிருந்தார்கள், எஸ்.டி.க்யூ. மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

2015-16 தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு இருப்பதாகச் சொன்னது. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயதினரில் ஏழு பேருக்கு ஒருவர் என்கிறது. இந்த எண்களை நானும் மேடைகளில் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன். ஆனால் இப்போது அவற்றைச் சொல்லும்போதெல்லாம் நார்மல் கட்டில் நான் வைத்த அந்தத் தாள் ஞாபகம் வருகிறது. அதற்கப்புறம் எங்கள் குழுவில் படிவத்துக்கு முன்னால் மூன்று கேள்வி வாய்மொழியாகத் தனியாகக் கேட்கிறோம்: உடம்பில் எங்கே வலிக்கும், எத்தனை மணிக்கு வலிக்கும், அந்த நேரத்தில் வீட்டில் யார் எங்கே இருப்பார்கள். இப்படிக் கேட்டதில் ஜீப்பு நேரத்துப் பிள்ளைகள் இன்னும் சிலர் அதே பள்ளியில் இருந்தார்கள். இரவில் ஏதாவது தோன்றினால் கூப்பிட டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416-ஐ எல்லோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

ஒரு சந்தேகம் எனக்கு இருந்துகொண்டே இருந்தது. நவம்பர், டிசம்பரில் மலையில் மழை குறையத் தொடங்கும், பிப்ரவரியில் ஏலக்காய் சீசனே முடிந்துவிடும். தலைவலி குறைந்தது எங்கள் வேலையாலா, மேகம் விலகியதாலா? ஒரு பிள்ளையை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல வழியில்லை, அடுத்த மழை வரவேண்டியிருந்தது. பரீட்சை எழுதினாள், 500-க்கு 391. பதினொன்றாம் வகுப்புக்கு வேறு ஊர்ப் பள்ளி, பஸ்ஸில் போகவேண்டும், அங்கே எங்களுக்குத் தெரிந்த டீச்சர் யாரும் இல்லை.

ஜூலையில், மேற்கே நாலு நாளாக மலையே தெரியாத ஒரு வாரத்தில், போன் பண்ணினேன். தலைவலி இருக்கு மிஸ், வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு, மதிப்பு போடச் சொன்னா 5 போடுவேன் என்றாள். புதுப் பள்ளியில் மிஸ்டு கால் ஏற்பாட்டை நான் வந்து பேசவா என்று கேட்டேன். வேணாம் மிஸ், முதல் வாரமே ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேட்டுட்டேன், என்னோட சேத்து ஆறு பேருக்கு அம்மா தோட்டத்துக்குப் போறாங்க, ஆறு பேர் பேரையும் எழுதிக் கொடுத்திருக்கேன் என்றாள்.